படைஞர் கால்வழியும் மரபுச் சங்கங்களும்

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையையும் ஏரியையும் கண்டபின் பேராதனைப் பூங்காவை நோக்கிப் புறப்படுதல் வழக்கம். மாளிகைக்கு அணித்தாய், மரங்கள் அடர்ந்த சிறு மேட்டில், பழைய இடுகாடு ஒன்று உண்டென்பதை அவருட் பலர் அறியார். 1817இல் ஏற்படுத்தப்பட்ட அது காவற்படையினர் இடுகாடு எனப்படும். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டதன் பின் மலைநாட்டில் மாண்ட படையினரும், அலுவலரும், அவர்தம் மனைவி மக்களும் அங்கே அடக்கம் பெற்றனர். 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தை உருவாக்குவதில் முதன்மையாக நின்ற சர் ஜோன் டொயிலியின் கல்லறையும் அங்கேதான் உளது. கல்லெழுத்துக்களைப் படித்துச் செல்வோர்க்கு முதலிற் புலனாவது அங்குத் துயில்வோரின் இளமையே. போரிற் பட்டோரினும் நோயிற் பட்டோரே மிகுதி.

நகரின் மற்றொரு புறத்தே இரண்டாம் உலகப் போர்க்காலத்து இடுகாடு ஒன்றுள்ளது. 1944ஆம் ஆண்டு ஏப்பிரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றியபோது, அமைதியான இவ்வூர் பன்னாட்டுப் படைஞர் கூடிய பாசறையாயிற்று. அவ்விடுகாட்டில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் உளர். பிரித்தானியரே பெருந்தொகையினர், அவரையடுத்துக் கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனடியர், இத்தாலியர் எனப் பல நாட்டவர் ஒரே அளவான கற்களின் கீழ், பதவி வேறுபாடின்றி வரிசையாகக் கிடக்கின்றனர்.

இவ்விரு இடங்களிலும் நிற்பவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. இவர்களுக்கு உரியவர் யாவர்? கல்லை நாட்டியது அரசு அல்லது ஆணைக்குழு. புல்லை வெட்டுவது கூலி பெறும் தொழிலாளி. நினைப்பதற்கு உரியவர் மட்டும் எங்கோ இருக்கின்றனர், அல்லது தாம் உரியவர் என்பதையே அறியாதிருக்கின்றனர். இவ்வினாவுக்கு உலகின் பல பாகங்களிலும் கண்ட விடைகளுள் ஒன்று, படைஞரின் வழித்தோன்றல்கள் கூடி அமைக்கும் மரபுச் சங்கம். அத்தகைய சங்கத்திற் சேர்வோர் எதைக் காட்டிச் சேர்கின்றனர், சேரும்போது தம் முன்னோருள் எவரைத் தெரிந்து எவரை விடுகின்றனர் என்பன, பல படைகளும் வந்து தங்கிய கண்டியை நோக்குமிடத்துச் சிந்தித்தற்குரியன.

வீரனை நினைத்தல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல் நாட்டும் முறையைப் படிப்படியாகக் கூறியுள்ளார். ஆயின் நடுகல் ஊருக்குப் பொதுவாயது. ஆநிரை மீட்டு மாண்டவன் கல்லுக்குப் பூச்சூட்டுதற்கு அவன் பேரன் என்ற சான்று வேண்டப்படவில்லை. அவ்வழிச் செல்லும் எவரும் வழிபடலாம். மரபுச் சங்கம் என்பது இதனின் வேறுபட்டது. நினைக்கும் உரிமையைக் குருதி வழியால் வரையறுத்து, அவ்வழியைச் சான்றுகளால் நிறுவுக என்று கேட்பதே அதன் தனி இயல்பு.

இவ்வகைச் சங்கங்களுள் புகழ்பெற்றதும் பழமையானதுமாயது அமெரிக்காவில் 1783இல் தோன்றிய சின்சினாற்றிச் சங்கமாகும். பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்ட அமெரிக்கப் படை அதிகாரிகள் விடைபெறுங்காலத்துத் தம்முள் நட்புறவு அறாதிருக்க அதனை நிறுவினர். உறுப்புரிமை அதிகாரியின் மூத்த மகனுக்கும், அவனுடைய மூத்த மகனுக்குமாக இறங்கிச் செல்லும் என்ற விதியே பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. மன்னரையும் பிரபுக்களையும் நீக்கிய நாட்டில் புதிய பிரபுகுலம் முளைக்கின்றதே என்று பலர் அஞ்சினர். பெஞ்சமின் பிராங்கிளின் 1784இல் தம் மகளுக்கு எழுதிய மடல் ஒன்றில் இதனை எள்ளி நகையாடிக் கணக்கொன்று போட்டார். மகனிடத்தில் தந்தையின் பங்கு பாதி, பேரனிடத்தில் காற்பங்கு, இவ்வாறு ஒன்பது தலைமுறை சென்றால் அந்த வீரரின் பங்கு 512இல் ஒன்றாகக் குறுகிவிடும். அவ்வொருவனை உருவாக்குதற்கு இடையில் 1022 ஆடவரும் பெண்டிரும் பங்களித்திருப்பர். சீனரிடையே ஒருவன் பெற்ற சிறப்பு அவனுடைய பெற்றோரை நோக்கி மேலேறுமேயன்றி மக்களை நோக்கிக் கீழிறங்காது என்றும், அதுவே அறிவுடைய வழக்கம் என்றும் அவர் வாதித்தார். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தைக் கற்றவர்க்கு இக்கருத்து அயலானதாகத் தோன்றாது. மகன் பெற்ற நற்பெயர் தாயின் உவகையாகவும் தந்தையின் தவப்பயனாகவும் மேலேறுவதைத்தானே வள்ளுவர் காட்டுகின்றார்!

பிராங்கிளினின் கணக்கு யாரையும் தடுத்துவிடவில்லை. 1889இல் அமெரிக்கப் புரட்சி மைந்தர் சங்கமும், அதிற் பெண்களுக்கு இடமின்மையால் 1890இல் புரட்சிப் புதல்வியர் சங்கமும் எழுந்தன. இரண்டாவது சங்கம் ஒரு நல்ல விரிவைச் செய்தது. வாளேந்தியோர் மட்டுமன்றி, படைக்கு உணவு கொடுத்தோர், புண்பட்டோரைப் பேணியோர் முதலிய பிறவகைத் தொண்டரின் வழியினரும் சேரலாம் என வகுத்தது. ஆயினும் அதே சங்கம் 1939இல் மரியன் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்குத் தன் மண்டபத்தை மறுத்தது. சனாதிபதியின் மனைவியார் எலினோர் றூஸ்வெல்ற் அச்சங்கத்தினின்றும் விலகினார். பாடகி அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் இலிங்கன் நினைவகத்தின் முன்றிலில் வெட்டவெளியிற் பாடினார். புரட்சிப் போரில் கறுப்பினத்தவரும் படைஞராய் நின்றனர்; எனினும் அவ்வினத்துப் பெண்ணொருவர் அச்சங்கத்தின் உறுப்பினரானமை 1977ஆம் ஆண்டில்தான் அறியப்பட்டது. விதியில் எழுதப்பட்டது வழித்தோன்றல் என்ற சொல். வாயிலில் நின்று பார்த்தது வேறொன்று.

இலங்கையில் இதற்கு இணையாகக் கூறத்தக்கது 1908இல் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம். அது போர்ச் சங்கமன்று. ஆயினும் அதன் உறுப்பினரின் மூதாதையருட் பலர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் போர்வீரராயும் மாலுமிகளாயும் கப்பலேறி வந்தவரே. அச்சங்கத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர் றி. ஜி. அந்தோனிஸ் என்பார். அவர் அரசின் முதல் ஆவணக் காப்பாளர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏடுகளின் நடுவே வாழ்நாளைக் கழித்த ஒருவர் மரபுச் சங்கம் காணும்போது அச்சங்கம் ஏட்டுச் சான்றை உயிராகக் கொள்வது இயல்பே. 1908 முதல் வெளிவந்த அதன் சஞ்சிகையில் குடும்பங்களின் வமிச அட்டவணைகள் தொடர்ந்து அச்சேறின. இன்று இலங்கைப் பறங்கியரின் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் எந்நாட்டிலிருப்பினும் அவ்வட்டவணைகளையே முதலில் நாடுகின்றனர்.

அச்சங்கம் கொண்ட வரைவிலக்கணம் கவனிக்கத்தக்கது. கம்பனியின் சேவையிலோ ஆட்சியிலோ இலங்கையில் இருந்த ஐரோப்பியரின் ஆண்வழி வந்தோர் உரியவர். தாய் எவ்வினத்தவராயினும் தடையில்லை; தந்தை வழி அறாதிருத்தல் வேண்டும். இக்கொள்கையின் வேர் இன்னும் பழையது. கோல்புறூக் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த காலத்திலே தலைமை நீதியரசர் சர் றிச்சட் ஒற்லி என்பார் பறங்கியர் யாவர் என்பதை இவ்வாறே விளக்கியிருந்தார். ஆண்வழி மூதாதையர் ஐரோப்பியராயின், எத்தனை தலைமுறை கழியினும், தாயர் யாவராயினும், முறையான திருமணத்திற் பிறந்தவர் பறங்கியரே. திருமணம் இன்றேல் தாயின் நாடே பிள்ளையின் நாடு என்பது அவர் கருத்து. பெயரளவில் ஒல்லாந்தர் எனினும் அம்மூதாதையருள் ஜேர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பிறரும் கலந்திருந்தனர் என்பது வேறு. தந்தையின் பெயர் ஏட்டில் இருந்தது. தாயரிற் பலரின் பெயர் இருந்திலது. இருந்த பெயரைக் கொண்டே வழி வகுக்கப்பட்டது.

இனிக் கண்டிக்கே உரியதொரு சான்றுக்கு வரலாம். இலங்கையில் ஒரு சமூகம் முழுவதும் தன்னைப் படைஞரின் வழித்தோன்றலாக எண்ணக்கூடுமாயின் அது மலாயர் சமூகமேயாம். 'ஒராங் ரெஜிமென்', அஃதாவது படைப்பிரிவு மக்கள், என்னும் பெயரையே தம் ஆராய்ச்சி நூலுக்குத் தலைப்பாக இட்டார் பேராசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா. சாவகம் முதலாய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொணர்ந்தோருள் நாடு கடத்தப்பட்ட அரசகுலத்தவரும், தண்டனை பெற்றோரும் இருந்தனர். ஆயினும் பெருந்தொகையினர் சம்பளம் பெற்ற படைஞரே. (சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரோ இவர்களினும் மிக முந்திய தொடர்பொன்றை நினைவூட்டுவது.) 1765இல் தேசாதிபதி வான் எக் கண்டி நகரைக் கைப்பற்றியபோது அவருடைய படையில் மலாயரும் மலையேறினர். 1796இல் கொழும்பு கைம்மாறியபின் அவர்களே பிரித்தானியர் படையில் சேர்க்கப்பட்டனர். இலங்கை றைபிள் படை என்று பின்னர்ப் பெயர்பெற்ற அப்பிரிவு 1873இற் கலைக்கப்படும் வரை தந்தைக்குப்பின் மகன் என்ற முறையிற் பல குடும்பங்கள் அதில் ஊழியஞ் செய்தன.

படையிற் பணிபுரிந்தோர் என்று கூறுதல் எளிது. எவர் படையில் என்ற வினா எழும்போது கண்டியின் வரலாறு சிக்கலாகின்றது. 1803ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றி, முத்துச்சாமி என்பவரை அரசராக நிறுத்திவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை இங்கு வைத்தனர். காய்ச்சலும் பசியும் அப்படையைத் தின்றன. ஜூன் 24ஆம் நாள் டேவி பணிந்தார். மகாவலி கங்கை பெருக்கெடுத்திருந்தமையால் வத்தபுலுவக் கரையிற் கடக்கவியலாது நின்ற படையினர் ஆயுதம் நீங்கிய பின் கொல்லப்பட்டனர். முத்துச்சாமியும் ஒப்படைக்கப்பட்டு மாண்டார். பிரித்தானியர் படையில் மலாயத் தலைவராயிருந்த நூருதீன் என்பாரை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் சேவைக்கு அழைத்தான். உண்ட உப்பை நினைந்து அவர் மறுத்தார், உடன்பிறந்தாரோடு கொல்லப்பட்டார்.

நூருதீனின் கதை மலாயரின் விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுவது. ஆயின் அதே ஆண்டில், அதே நகரில், மன்னன் பக்கத்தில் நின்று பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட சங்குங்லோ என்பாரும் மலாயத் தலைவரே. மக்காசார்ப் பக்கத்துக் கோவா அரசகுலத்தில் நூருதீனோடு உடன்பிறந்தவர் என்றே கூறப்படுவார். டேவியின் படையிலிருந்த சாதாரண மலாயப் படைஞருட் பலர் சரணடைந்தபின் மன்னனின் படையிற் சேர்ந்து உயிர் பிழைத்தனர். இவர்கள் எல்லோருக்கும் வழித்தோன்றல்கள் இருந்திருப்பர். பிரித்தானியரின் படைப்பட்டியலை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஒரு சங்கத்தில் நூருதீனின் வழியினருக்கு முதலிடம் உண்டு. சங்குங்லோவின் வழியினருக்கு இடமில்லை. சேவை மாறி உயிர் பிழைத்த படைஞனின் வழியினர் வாயிலிலேயே தயங்கி நிற்பர். மூவரும் ஒரே மொழியைப் பேசி, ஒரே தொழுகையைத் தொழுதவர்.

1848இல் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்றவருள்ளும் றைபிள் படையினர் இருந்தனர். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்ற் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் தேசிய வீரர். படைஞனின் பேரன் தன் பாட்டனின் பதக்கத்தைக் கையிலெடுக்கும்போது இதனையும் எடுக்கவேண்டியவனாகின்றான். சம்பளத்திற்குப் படையிற் சேர்ந்த ஏழை மனிதனைப் பின்வந்தோர் நாட்டுப்பற்றின் அளவுகோலால் அளத்தல் முறையன்று. ஆயினும் மரபைப் பெருமையாகக் கொள்ள விரும்புவோர் அதன் கடினமான பக்கத்தை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுதலும் முறையன்று.

1873இன் பின் அக்குடும்பங்கள் பொலிசிலும், சிறைக்காவலிலும், தீயணைப்புப் படையிலும், தோட்டங்களிலும் தொழில் தேடிக்கொண்டன. கண்டிக்கு அண்மையிலுள்ள கலகெதரவில் 1890இற் பிறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் நெடுங்காலம் விளங்கிய ரி. பி. ஜாயா இச்சமூகத்தவரே. அகில இலங்கை மலாயர் சங்கம் 1922இல் எழுந்தது. கண்டியிலும் மலாயர் சங்கம் ஒன்றுண்டு. இவை அமெரிக்கச் சங்கங்களைப்போல மூதாதையின் படைச்சேவையை நாள்வாரியாகக் காட்டுமாறு கேட்டு எழுந்தனவல்ல. மொழியையும் கல்வியையும் அரசியற் குரலையும் பேணும் சமூகச் சங்கங்களாக வளர்ந்தன. அண்டை வீட்டார் இவர் இன்னாரின் மகள் என்று அறிந்திருப்பதே ஊரளவிற் போதிய சான்றாகும்.

இச்சமூகத்தின் மொழி ஒரு வியப்பான சான்று. சொற்கள் மலாய், வாக்கிய அமைப்போ பெரும்பாலும் தமிழ். நிலைத்த மலாய் வழக்கில் வினை நடுவிலும் செயப்படுபொருள் இறுதியிலும் வரும். இலங்கை மலாயில் 'நான் சோறு தின்றேன்' என்பதுபோல வினை இறுதியில் வருகின்றது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதுபோலவே நான்காம் வேற்றுமை எழுவாயின் இடத்தில் நிற்கின்றது. இம்மாற்றத்தின் காரணம் பற்றி மொழியியலார் கருத்து வேறுபடுவர். தமிழ் பேசிய முஸ்லிம் பெண்களைப் படைஞர் மணந்து, அத்தாயரின் மடியிலே பிள்ளைகள் மலாயைப் பேசக் கற்றனர் என்பது ஒரு சாரார் துணிபு. மணவுறவை அத்துணை முதன்மைப்படுத்தாது, இருமொழி வழக்கும் அயலுறவுமே போதும் என்பர் மறுசாரார். எவ்வாறாயினும் சோனகரோடு மணவுறவு இருந்தது என்பதில் ஐயமில்லை. படைச் சம்பளப் பட்டியலில் கணவனின் பெயரும், இலக்கமும், கூலியும் எழுதப்பட்டன. மனைவி அதில் எழுதப்படவில்லை. ஆயினும் அம்மக்களின் பேச்சு தமிழ் இலக்கணத்தில் நடக்கின்றது.

சங்கப் புலவர் இதனை வேறாகக் கண்டனர். மூதின்முல்லை என்னும் துறை மறக்குடியின் பெருமையை அக்குடிப் பெண்ணின் வாயிலாகக் காட்டுவது. முன்னைநாட் போரிற் பிறந்தகத்து ஆண்மகனையும் பின்னைநாட் போரிற் கணவனையும் இழந்து, எஞ்சிய ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். மூன்று தலைமுறை வீரத்தையும் இணைக்கும் கண்ணி அங்கே பெண். போரை இன்று அவ்வாறு போற்றுதல் இயலாது. ஆயினும் குடிவழியை யார் தாங்கினர் என்பதில் அப்பாட்டின் கணக்குப் படைப்பட்டியலின் கணக்கினும் நிறைவானது.

சான்றுடன் சேரவேண்டிய சங்கமொன்றில் சேர விரும்பும் ஒருவர் செய்யவேண்டியது யாது? முதல் விதி, தன்னிலிருந்து தொடங்கி மேலேறுதல். புகழ்பெற்ற ஒரு வீரரின் பெயரைத் தெரிந்து அங்கிருந்து கீழிறங்க முயல்வோரே பெரும்பாலும் வழி தவறுகின்றனர். தன் பிறப்புச் சான்றிதழ் தன்னைப் பெற்றோருடன் இணைக்கும். பெற்றோரின் திருமணப் பதிவும் பிறப்புப் பதிவுகளும் பாட்டன் பாட்டியருடன் இணைக்கும். இவ்வாறு ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஆவணம் வேண்டும். ஒரு கண்ணி அற்றாலும் சங்கிலி இல்லை என்பதே அமெரிக்கச் சங்கங்களின் நடைமுறை. இறுதியில், கண்டறிந்த மூதாதை உரிய காலத்தில் உரிய படையில் இருந்தார் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும்: சம்பளப் பட்டியல், விடுகைப் பத்திரம், ஓய்வூதியக் குறிப்பு, பதக்கம் என்பன போல.

இலங்கையில் இத்தேடல் பல இடங்களிற் பிரிந்து கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் பிறப்பு இறப்புப் பதிவுகள் ஓரளவு கிடைக்கும். அதற்கு முன்னர் தேவாலயங்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையும், பள்ளிவாசல்களின் ஏடுகளையும், ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளையும் நாடவேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்த ஆட்சியின் ஏடுகள் உள. கம்பனியின் கப்பற் சம்பள ஏடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகரிற் பேணப்படுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டிற் கப்பலேறிய படைஞர், மாலுமிகளின் பெயர்களை அவற்றிலிருந்து தொகுத்துப் பொதுமக்கள் தேடத்தக்கதாகச் செய்துள்ளனர். பிரித்தானியப் படைப்பட்டியல்களோ இலண்டனின் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கண்டியிற் பிறந்த ஒருவர் தம் பூட்டனை அறிய இரு கடல் கடந்த நகரங்களைக் கேட்கவேண்டியுள்ளது.

ஆவணம் கிடைத்தாலும் பெயர் இடர் செய்யும். மலாயப் பெயரைக் காதாற் கேட்டு எழுதிய ஆங்கில எழுத்தர் அதனை ஓராண்டு ஒருவாறும் மறு ஆண்டு வேறொருவாறும் எழுதியிருப்பார். ஒரே படைப்பிரிவில் ஒரே பெயருடையார் பலர் இருப்பர். அவரைப் படை இலக்கத்தாலன்றிப் பிரித்தறிதல் அரிது. தமிழர்க்கு வேறோர் இடருண்டு. குடும்பப் பெயர் இன்மையால் தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகின்றது. பேரனிடத்தில் அம்முதலெழுத்தும் மாறிவிடுகின்றது. மூன்று தலைமுறையில் ஒரு பெயர் முற்றாக மறைந்துவிடுவது நம் வழக்கில் இயல்பு. பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் மரபு இருந்த குடும்பங்களில் மட்டும் அது மீண்டும் தலைகாட்டும். கண்டி இடுகாட்டில் இருக்கும் ஓர் இந்தியப் படைஞரின் கொள்ளுப்பேரன் தென்னாட்டுக் கிராமமொன்றில் இருப்பினும், அக்கல்லிலுள்ள பெயர் தன்னுடையதென்று அறிதற்கு அவனுடைய இன்றைய பெயரில் யாதொரு குறிப்பும் இராது.

கிழக்காபிரிக்கரின் நிலையும் நோக்கற்பாலது. அவர்கள் தம் நாட்டிலிருந்து இங்கு வந்து பயிற்சி பெற்றுப் பர்மியப் போர்முனைக்குச் சென்ற படைகளைச் சேர்ந்தவர். 1917இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணைக்குழு மாண்டோர் யாவரையும் சமமாக நினைவுகூர்தல் என்ற கொள்கையைக் கொண்டிருந்தது. ஆயின் முதலாம் உலகப் போரைப் பொறுத்தவரை அக்கொள்கை ஆபிரிக்க, ஆசியப் படைஞர் விடயத்தில் மீறப்பட்டதென அவ்வாணைக்குழுவே நியமித்த குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமனற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் எனவும், குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவேயில்லை எனவும், இத்தொகை 350,000 வரை இருக்கலாம் எனவும் அது மதிப்பிட்டது. பெயரே எழுதப்படாத படைஞனின் வழித்தோன்றல் எந்தச் சங்கத்தின் விண்ணப்பத்தை நிரப்புவான்? பிரித்தானியரின் இலங்கைப் படைகளில் ஒருகாலத்து ஆபிரிக்கர் தனிப் பிரிவுகளாகவே இருந்தனர். கோவாவிலும் மொசாம்பிக்கிலும் அடிமைகளாய் விலைக்கு வாங்கப்பட்டுப் படையிற் சேர்க்கப்பட்டோரும் அவருள் அடங்குவர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் காப்பிரியர் அவ்வழியினர் எனப்படுவர். அவர்களிடம் எஞ்சியிருப்பது ஆவணமன்று; பாட்டும் தாளமும்.

மலாயரிடம் ஆவணம் ஒருவகையில் எஞ்சியது. றைபிள் படையில் ஊழியஞ் செய்தவரும், 1869இல் 'ஆலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ச் செய்தித்தாளைக் கல்லச்சில் வெளியிட்டவருமாகிய பாபா யூனுஸ் சல்தீன், முதுமையில் தம் குடும்ப வரலாற்றைச் செய்யுளாகவே யாத்தார். மதுராத் தீவின் சுமெனெப்பிலிருந்து படைஞராக வந்த பாட்டனாரின் நினைவு அதிற் பதிந்துள்ளது. ஏனைய குடும்பங்களில், அரபு எழுத்தில் எழுதப்பட்ட கதைகளும் சமய நூல்களும் பெட்டியடியிற் கிடந்தன. ஹுசைன்மியா வீடு வீடாகச் சென்று அவற்றைத் தேடினார். பின்னர் றொனிற் றிச்சி என்னும் அறிஞரின் முயற்சியால் பல சுவடிகள் ஒளிப்படமாக்கப்பட்டுப் பிரித்தானிய நூலகத்தின் வாயிலாகப் பார்வைக்கு வந்தன. அச்சுவடிகளின் வெற்றேடுகளிலும் ஓரங்களிலும் நூலுக்குத் தொடர்பில்லாத குறிப்புக்கள் சில காணப்படும்: நூல் யாருடையது, யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, வீட்டில் இன்ன நாளில் இன்ன குழந்தை பிறந்தது, இன்னார் இறந்தார் என்பன. எழுதியவர் சான்றுக்காக எழுதியவரல்லர். படைப்பட்டியலின் எழுத்தர் நுழையாத வீட்டினுள்ளே, அடுப்பங்கரைக்கும் தொட்டிலுக்கும் அணித்தாயிருந்து எழுதப்பட்ட வரிகள் அவை.